‘ஓம்’ மட்டும் இருந்த பெட்டி

நாலைந்து வருசத்துக்கு முந்தி, லண்டன் சட்டனில் என்ர கலியாண மண்டபக் கந்தோரில், அதுதான் ஒஃபிஸில், நடந்தது இது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். கோப்பை கழுவித் தொடங்கி ஒரு மண்டபத்துக்கே சொந்தக்காரன் ஆனவன். சட்டனில் என்னைத் தெரியாத தமிழாக்கள் இருந்தால், அவை நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்கவேணும்.

எந்த நாளுக்கு ஆருக்கு மண்டபம் என்ற பதிவுகளைக் கம்பியூட்டரில் போட, சொஃப்ட்வெயர் எழுதுகிற ஒரு பிள்ளையைப் பிடித்தேன். அவ கெட்டிக்காரிதான். ஆனால் மண்டபம் நடத்துகிறது நானல்லோ? பக்கத்தில் கதிரை போட்டிருந்து, எந்தப் பொத்தான் எங்கே வரவேணும் என்று சொன்னேன். அவ ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ‘ஓம்’, ‘இல்லை’ என்று இரண்டு வைத்தா.

“கலியாணம் பேச வாற இடத்தில ‘இல்லை’ எண்டு எழுதி வைப்பினமே பிள்ளை? எடுங்கோ அதை.”

“அங்கிள், வேண்டாம் எண்டு சொல்லவும் ஒரு வழி வேணும்.”

“எனக்குப் படிப்பிக்காதேங்கோ.”

எடுத்தா. பெட்டியை மூடுகிறதுக்கு மூலையில் இருந்த ‘X’ புள்ளடியையும் அமங்கலம் என்று எடுப்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை, ஆவணியில் நாள் எடுத்திருந்த பொம்பிளையின் தகப்பன் தன் பதிவைப் பார்க்க வந்தார். வாற ஆக்கள் வாயைப் பிளக்கட்டும் என்று சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தேன். மவுஸில் ஒரு தட்டுத் தட்டினேன். இடம் மாறிப் பட்டுவிட்டது. திரை நடுவில் பெட்டி வந்து நின்றது: ‘இந்தக் கலியாணத்தை நீக்கிவிடவா?’ கீழே ‘ஓம்’. வேறொன்றும் இல்லை.

“என்னண்ணை, என்ர மகளின்ர கலியாணத்தை எடுக்கப் போறியளோ?”

“சீச்சீ, அது சும்மா கேக்குது.”

“அப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்!”

எதை அமத்திச் சொல்லுறது? அந்த நாளுக்கு இன்னொரு குடும்பம் காத்திருந்தது. பதிவு கழன்ற உடனே அவைக்குத் தானாக மெசேஜ் போகவேணும் என்று செய்வித்ததும் இந்தப் பெரிய மூளைதான். மவுஸைத் தூக்கிப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். அவ ரயிலில் போய்க்கொண்டிருந்தா.

“அங்கிள், ஓமை மட்டும் அமத்தாதேங்கோ! கீபோர்டில இடது பக்கம் மேல் மூலையில ‘Esc’ எண்டு இருக்கிற கட்டையை அமத்துங்கோ.”

அமத்தினேன். பெட்டி மறைந்தது. கலியாணம் தப்பியது. தகப்பன் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவ வந்து ஒன்றுதான் கேட்டா: “அந்த நேரம் என்ன பொத்தானைத் தேடினீங்கள், அங்கிள்?”

“கலியாணம் அப்படியே இருக்கட்டும் எண்டு ஒண்டை.”

அதையே எழுதினா. ‘அப்படியே இருக்கட்டும்’ என்று பெரிதாக ஒன்று. விலத்தி மற்றப் பக்கத்தில் சின்னதாக ‘பதிவை நீக்கு’. அதில் எனக்கு ஒரு அமங்கலமும் தெரியவில்லை.

இப்போது வீட்டில் மனிசியிடம் ஒன்று கேட்டாலும், மாட்டன் என்று சொல்ல இடம் விட்டுத்தான் கேட்கிறேன்; அவ அந்த இடத்தைக் கொஞ்சம் கூடவே பாவிக்கிறா, ஆனாலும் அவ சொல்லுகிற ஓமுக்கு இப்போதுதான் எனக்குப் பெறுமதி தெரிகிறது.