காலியாக விட்டிருக்கும் கரை

துன் நகரில் ஏரிக்கரையோரம் இருக்கும் ஒரு ஹோட்டலில் பதினெட்டு வருடமாகப் பரிமாறுகிறேன். கல்யாணம், செத்தவீட்டுச் சாப்பாடு, கம்பனிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் கோப்பி ஊற்றியிருக்கிறேன். போன வருடம் வசந்தத்தில் வந்தது கடல் பற்றிய கூட்டம். கடலே இல்லாத நாட்டில், பனிமலையைப் பார்த்த மண்டபத்தில், மூன்று நாட்கள் கடலைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வறிய நாடுகள் கடலைக் கெடுக்காமல் கடலால் எப்படி முன்னேறலாம் என்பதுதான் பேச்சு. நல்ல விஷயம்தான். எனக்கென்ன, கோப்பி சூடாக இருந்தால் சரி.

இரண்டாம் நாள் காலை, மேசைக்கு மேசை போய் ஊற்றிக்கொண்டிருந்தபோது திரையில் எங்கள் கரை வந்தது.

மட்டக்களப்புப் பக்கம், நான் பிறந்த ஊர். வானத்திலிருந்து எடுத்த படம். வாவி கடலைத் தொடும் ஆற்றுவாய், பக்கத்தில் அம்மன் கோயிலின் சிவப்புக் கூரை, அதற்கு வடக்கே நீண்ட வெள்ளை மணல். அந்த மணலின்மேல் ஒரு நீலப் பெட்டி கீறியிருந்தார்கள். பேசியவர் நரைத்த தாடிக்காரர், அமைதியான குரல். அது பயன்படுத்தப்படாத கரை என்றார். அங்கே ஒரு ஹோட்டலும் படகுத்துறையும் வரலாம், கரையோர மீனவருக்கு மாற்றுத் தொழிலாக ஹோட்டல் வேலை பழக்கலாம் என்றார். யோசனை வருட முடிவில் எங்கள் நாட்டு அமைச்சுக்குப் போகிறதாம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என் அண்ணனின் கரைவலைப் பாடு.

பாடு என்பது வலை இழுக்கும் இடம். தோணியில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு கயிற்றையும் இரண்டு பக்கமாகப் பிடித்து, இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் கரையில் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வரும். நடுவில் ஒரு குடிசை, ஒரு தென்னை, ஒரு கட்டை இருந்தாலும் கயிறு மாட்டும். ஆகவே ஒருவரும் அங்கே ஒன்றும் வைப்பதில்லை. ஒருமுறை யாரோ வேலி போடப் பார்த்து ஊரே போய்ப் பிடுங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்துக் காலியாக வைத்திருந்த கரையைப் பார்த்து, இவர்கள் சும்மா கிடக்கிறது என்கிறார்கள்.

மத்தியான இடைவேளையில், குப்பைத்தொட்டிகள் வைக்கும் பின்வாசலில் நின்று அண்ணனுக்கு அழைத்தேன்.

"அண்ணை, எங்கட பாடு கிடக்கிற பக்கம் ஆரும் வந்தவையோ?"

"ஓம். போன மாதம் ரெண்டு பேர் வந்து அளந்தவங்கள். ஒரு கடுதாசியில கையெழுத்துக் கேட்டவங்கள். நாங்கள் வைக்கேல்ல. ஏன் தங்கச்சி, உனக்கு ஆர் சொன்னது?"

"இஞ்ச திரையில பாத்தன். உங்களுக்கு ஹோட்டல் வேலை பழக்கப் போயினமாம்."

"அதுதான் நீ செய்யிறியே," என்றார் அண்ணன். "போதாதோ?"

அவருக்கு அறுபது வயது. அந்தப் பாடு போனால் அவருக்கு மட்டுமல்ல, கயிறு பிடிக்கும் அத்தனை வீட்டுக்கும் அடுப்பு எரியாது. அந்தப் பாடு அவர்களுடையது என்று காட்டும் லைசன்சைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. விருந்தினரோடு நாங்களாகக் கதை தொடுக்கக் கூடாது. பின்னேரம் அந்தத் தாடிக்காரர் கோப்பைக்குப் பால் விடும்போது அந்தச் சட்டத்தை உடைத்தேன். இந்த ஊர் மொழியான டொச் எனக்குச் சமையலறையில் பழகிய அளவுதான். இருந்தும் சொன்னேன்: "அந்தக் கரை காலி இல்லை. உங்கள் படம் மாரிகாலத்தில் எடுத்தது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்படிச் சொல்கிறீர்கள்?"

"ஆற்றுவாய் திறந்திருக்கிறது. மழை பெய்து வாவி நிரம்பினால்தான் அதை மூடியிருக்கும் மணலை வெட்டித் திறப்பார்கள். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், வலை போடுவதில்லை. தோணிகளை உள்ளே மரங்களுக்குக் கீழ் இழுத்து வைத்திருப்பார்கள். கடல் அடங்கியபிறகு எடுத்துப் பாருங்கள்."

கைத்தொலைபேசியில் லைசன்சைக் காட்டினேன். அவர் கொப்பியில் ஏதோ எழுதினார்.

அதற்குள் மேற்பார்வையாளர் வந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். அன்று மாலையே எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. மூன்றாம் நாள் என்னை நிலவறையில் துணி துவைக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். மேசைவிரிப்புகளை மடித்தபடி நான் ஒன்றை நினைத்துக்கொண்டேன். ஹோட்டல் வேலையை நான் குறை சொல்லவில்லை, இதே வேலையில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஆனால் இதை நான் அகதியாக வந்து, வேறு வழியில்லாமல் எடுத்தேன். கையில் வலை இருக்கிறவனிடம் அதைப் பறித்துவிட்டுப் பரிமாறும் தட்டம் கொடுப்பதை முன்னேற்றம் என்று சொல்ல நான் விடமாட்டேன்.

யோசனை அந்த வருடம் அமைச்சுக்குப் போகவில்லை. மறுபடி படம் எடுக்கப் போகிறார்கள் என்று அண்ணன் சொன்னார். "அவங்கள் பாக்கிற மாதிரி மணலில ரெண்டு கொட்டில் போட்டு விடுவமோ?" என்றும் கேட்டார்.

"ஒண்டும் போட வேண்டாம்," என்றேன். "கிடக்கிறபடியே கிடக்கட்டும். இஞ்ச நான் கதைக்கிறன்."

இந்த வருடமும் அதே மண்டபத்தில் கூட்டம். பாதிக்கப்படுவோரும் வரலாம் என்று அவர்களின் இணையப் பக்கத்தில் இருந்தது. விண்ணப்பித்தேன். நிறுவனம் என்று கேட்ட இடத்தில் கரைவலைப் பாடு என்று எழுதினேன். வேலைக்கு லீவு போட்டேன். பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் போய் இருந்தபோது, அந்த மேற்பார்வையாளரே கோப்பிக் குடத்தோடு வந்தார். என் சட்டம்தானே அவருக்கும், ஒன்றும் பேசாமல் ஊற்றினார். நன்றி சொன்னேன்.

திரையில் புதுப்படம். ஆற்றுவாய் மூடியிருந்தது. மணலில் இரண்டு வரிசை ஆட்கள், நடுவில் வலை. எண்ணினேன், இருபத்துநான்கு தலைகள். அதில் ஒன்று என் அண்ணன். அவர்களின் தலைக்கு மேலேயே அந்த நீலப் பெட்டி இன்னும் இருந்தது, கோடு மட்டும் புள்ளிக்கோடாக மாறியிருந்தது. மீனவரின் கருத்தையும் சேர்த்துக்கொள்வோம் என்றார் தாடிக்காரர்.

எழுந்து ஒலிவாங்கியை வாங்கினேன். "முதலில் பெட்டியை அழியுங்கள்," என்றேன். "பிறகு கருத்துச் சொல்கிறேன்."

அவர் இது வெறும் வரைவுதான் என்றார். நேரம் போகிறது என்றார். தயவுசெய்து அமருங்கள் என்றார். பதினெட்டு வருடமாக அந்த மண்டபத்தில் நின்றே பழகிய கால்கள் எனக்கு. அவர் அதை அழிக்கும்வரை நான் அமரவில்லை.