பச்சையில் தொண்ணூற்றெட்டு

என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். பெட்டிக்கு மேலே ஒரு திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் அளவு இறங்கினால் மணி அடிக்கும். நர்ஸ் வந்து அவன் உள்ளங்காலைச் சுண்டிவிடுவார். மூச்சு விட மறந்திருந்த பிள்ளை ஞாபகம் வந்தவன்போல மறுபடியும் விடுவான். அந்த நாட்களில் அவன் முகத்தைவிட அந்தத் திரையைத்தான் அதிகம் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, இனி இயந்திரம் எதுவும் தேவையில்லை, மல்லாக்கப் படுக்க வையுங்கள், தொட்டிலில் தலையணையோ பொம்மையோ வேண்டாம் என்றார் டாக்டர். என் மனைவி அதை நம்பினாள். என்னால் முடியவில்லை. பிள்ளை தூங்கினால் அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிங்கப்பூரில் இருந்த மனைவியின் அண்ணனிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் ஒரு கருவி வாங்கி அனுப்பினார். பிள்ளையின் காலில் மாட்டும் சின்னக் காலுறை அது. நாடித்துடிப்பையும் ஆக்ஸிஜனையும் கணக்கிட்டு, வீட்டு வைஃபை வழியாக என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் எண் பச்சை நிறத்தில் தெரியும். இது மருத்துவக் கருவி அல்ல என்று அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மாட்டினேன்.

எனக்கு உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. வீடு சமயநல்லூரில். காலையில் கிளம்பி ஆரப்பாளையத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே போனை மேசை மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். எண் கொஞ்சம் குறைந்தாலும் வீட்டுக்கு அடிப்பேன். பெரும்பாலும் பிள்ளை காலை உதைத்திருப்பான், காலுறை நழுவியிருக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அடித்தேன். பிள்ளை உறங்கும் நேரத்தில்தான் தனக்கும் கண் மூட முடிகிறது என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். பார்ப்பதைக் குறைக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்திருந்த ஒரு மத்தியானம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பச்சையில் தொண்ணூற்றெட்டு. இன்றைக்கு நல்லாத் தூங்குறான் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது. அப்போதுதான் மனைவி கூப்பிட்டாள். பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டது.

"ஏங்க, பிள்ளைக்குப் பால் புரையேறி மூச்சு நின்னுபோச்சு. நீலம் பாரிச்சுப்போயிட்டான். இப்ப விடுறான். ஆஸ்பத்திரிக்குப் போறோம், வந்துருங்க."

நான் என்ன சொன்னேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இங்க தொண்ணூத்தெட்டுன்னு காட்டுதே" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரர் பைக்கில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். மதுரை பஸ் புறப்படும் நிலையில் இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்தியிருப்பாள் என்று எனக்கே தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்ப அடித்தேன். அடிக்காத நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்தேன். பிள்ளை ஆட்டோவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். என் கையிலிருந்த போனில் அவன் தொட்டிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எண்ணுக்குக் கீழே மங்கலாக ஒரு வரி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கடைசியாகத் தகவல் வந்த நேரம் அது. முக்கால் மணி நேரத்துக்கு முந்தியது. ஊரில் கரண்ட் போயிருக்கிறது, வைஃபை நின்றிருக்கிறது. அந்த முக்கால் மணி நேரமும் நான் பழைய எண் ஒன்றைப் பார்த்து மனம் நிறைந்து உட்கார்ந்திருக்கிறேன். பொய் என்று தெரிந்த பிறகும் அதை மூட முடியவில்லை. மூடினால் ஏதாவது ஆகிவிடும்போல இருந்தது.

செக்கானூரணியில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் கண்டக்டரிடம் போய், பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கண்ணே என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே விசில் அடித்தார். டிரைவர் பாதி டீயோடு வந்து ஏறினார். அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நாகமலையில் வண்டிகள் வரிசையாக நின்றபோது யாரிடம் போய்ச் சொல்வது? இறங்கி ஓடலாமா என்று எழுந்தேன். ஓடினால் பஸ்ஸைவிடத் தாமதமாகத்தான் போவேன் என்று மறுபடி உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் மனைவி வராந்தா பெஞ்சில் இருந்தாள். சேலையெல்லாம் பால். பிள்ளை உள்ளே இருந்தான், பிழைத்துக்கொண்டான். பால் குடித்துக் கொஞ்ச நேரத்தில் எதுக்களித்திருக்கிறான், அது மூச்சுக்குழலில் இறங்கியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டி நாட்களில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி, தலை தாழ்ந்திருக்க அவனைக் கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டியிருக்கிறாள். ஐந்தாவது தட்டலில் அழுகை வந்திருக்கிறது. அந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்தபோது நானும் அங்கேதான் நின்றேன். திரையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள், எனக்கும் அந்த முதுகில் தட்டுவதைச் சொல்லிக்கொடு என்று மனைவியிடம் கேட்டேன். ஒரு துண்டைச் சுருட்டிப் பிள்ளை அளவுக்கு ஆக்கி என் முன்கையில் கிடத்தினாள். தாடையைப் பிடிக்கும் இடத்தைக் காட்டினாள். நான் தட்டினேன். வெறும் துண்டுதான். அப்படியும் கை தயங்கியது.

"இம்புட்டு மெதுவாத் தட்டுனா எப்படிங்க? வலிக்குமேன்னு பாத்தா பிள்ளை போயிருவான்" என்றாள்.

மறுபடி தட்டினேன். போதாது என்று தலையை ஆட்டினாள்.