கண்மைக் கோடும் கசப்புப் போத்தலும்

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றையும் அடுத்தவர் வாசலில் நிற்க விடவில்லை. கடைசி மகன் சேகர் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் பாரில் பானம் கலக்கிறான். இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் அவன் மகள் கவியா ஒருநாள் போனில் சொன்னாள்: "பாட்டி, அப்பா அலமாரியில போத்தல் வெச்சிருக்காரு. தொட விடமாட்டாரு. சொட்டு சொட்டா நாக்குல விட்டுக்குறாரு."

சேகரின் அப்பா சம்சு சாராயம் குடித்தே செத்தவர். அவருக்கும் முதலில் கொஞ்சம்தான். மகனும் அப்படி என்றால் பேத்தியைக் கையோடு பாலோவில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் குளுவாங், முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்துக்குப் பஸ், டிக்கெட் பன்னிரண்டு வெள்ளி. இரண்டு பக்கமும் செம்பனைதான். பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்.

"மகன் வீட்டுக்கா அக்கா? சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டுப் போனா ஒளிச்சிருவாங்க லா."

அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மகன் சமையல்கட்டில் ஒரு கண்ணாடி ஜாடியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், பட்டை, நிலவேம்பு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் போல ஒரு மதுவை ஊற்றிக்கொண்டிருந்தான். தோல் மேலே துருத்திக்கொண்டிருந்தது.

"அலமாக்! அம்மா, போன் பண்ணக்கூடாதா?"

"இது என்னடா?"

"பிட்டர்ஸ் மா. ரெண்டு வாரம் ஊறணும். பானத்துல ரெண்டே சொட்டு விட்டா மணமா இருக்கும்."

"நிலவேம்பையா? காய்ச்சலுக்கு நான் ஊத்தினப்ப கத்தித் தோட்டத்து லயத்தையே கூட்டினியே! இப்ப இனிக்குதா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அந்தப் பக்கம் போனதும், கவியாவின் கண்மையை எடுத்து ஜாடியில் மது நின்ற மட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் காலத்தில் அவன் அப்பா போத்தலுக்கும் இதே கோடுதான். பிறகு சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன்.

நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால், மது கோட்டுக்கு அரை விரல் கீழே நிற்கிறது.

"வாயை ஊதுடா" என்றேன். நாற்பத்திரண்டு வயது மகன், மகள் பார்க்க, ஊதினான். கசப்பு வாடை வந்தது.

"கவியா, துணியை எடு. பாலோ போலாம்."

"ருசி பார்த்தது அலமாரியில இருக்குற பழைய போத்தல்ல இருந்து ஒரு சொட்டு மா. இந்த ஜாடியில காஞ்ச தோல்தான் குடிக்குது."

"தோல் குடிக்குதாம்! உங்கப்பா எலி குடிச்சிருச்சுன்னு சொன்னாரு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஒரு கண்ணாடி டம்ளரில் அதே மாதிரி காய்ந்த தோலை அடைத்துத் தண்ணீர் ஊற்றினான். கண்மையை என் கையிலேயே கொடுத்தான். கோடு போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். கழிவறைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஆறு மணி. யாரும் தொடவில்லை. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"டீ போடு" என்றேன். மறுநாள் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டேன். முட்ட ஊற்றிய தண்ணீர் மத்தியானம் பாதியாகியிருந்தது. ஐம்பது வருஷமாக இதைப் பார்க்கிறேன். உளுந்தை ஒருநாளும் ஊதச் சொன்னதில்லை.

தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்த எழுத்து இது. எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. இன்று கவியா லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் அப்பன் ஹால் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

கவியா, இதை வாசி. வாயை ஊதச் சொன்ன இடம் வரும்போது குரலைத் தாழ்த்தாதே. ஹாலுக்குக் கேட்கட்டும்.