பழைய அமெரிக்க வானொலியும் எங்கள் நண்டுக்கறி நாடகமும்

என் மனைவி பேசுகிறவள், நான் கேட்கிறவன். மெல்பேர்னில் ஒரு சமூக வானொலியில் ஞாயிறுதோறும் தமிழ் நிகழ்ச்சி போகும். அதற்கு அவள் நாடகம் எழுதி நடிப்பாள். அவளை வாசலில் இறக்கிவிட்டு, நான் காருக்குள் இருந்து வேறு வானொலி கேட்பேன். வீடுகளுக்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் ஒலிபரப்பான பழைய நிகழ்ச்சிகள் அவை.

நகரின் மேற்குப் புறமான ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆங்கிலம் பழகலாம் என்று போனில் தேடியபோது அவை கிடைத்தன. பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு வந்த எனக்கு இங்கே உள்ளவர்கள் பேசுவது பிடிபடவில்லை. அந்த நடிகர்கள் பேசியது பிடிபட்டது. கேட்பவர்களுக்குத் தங்கள் முகம் தெரியாது என்பதால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னார்கள். கதவு கிறீச்சிடும். துப்பறிகிறவர் மரப்படியில் ஏறுவார். கொலைகாரன் யார் என்று தெரியவரும் நேரத்தில் விளம்பரக்காரர் ஒருவர் உற்சாகமாக வந்து சவர்க்காரம் விற்பார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு நகைச்சுவை நடிகர். அவரிடம் யாராவது இக்கட்டான கேள்வி ஒன்றைக் கேட்பார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். முதலில் பார்வையாளர்களில் ஒருவர் சிரிப்பார், பிறகு நாலைந்து பேர், பிறகு மண்டபமே சிரிக்கும். முதல் தடவை கேட்டபோது போன் பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். பேசாமல் இருந்தே ஒரு மனிதர் பேர் வாங்கியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிறு, இறங்கிப் போனவள் திரும்பி வந்து கார்க் கண்ணாடியில் தட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இறங்குங்கோ. மகனா நடிக்கிறவருக்குக் காய்ச்சலாம்."

"எனக்கு ஏலாதப்பா."

"ஒரு வரிதான். தாயும் மருமகளும் ஆளுக்கொரு நண்டுக்கறி வைக்கினம். ஆர் வைச்ச கறி நல்லம் எண்டு தாய் கேப்பா. 'ரெண்டும் நல்லம்' எண்டு சொன்னால் சரி. வீட்டில சொல்லுற பொய்தானே!"

உள்ளே நிகழ்ச்சிக்குப் பொறுப்பான அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேரடி ஒலிபரப்பு, தம்பி. என்ன பிழை விட்டாலும் பரவாயில்லை, சத்தமில்லாமல் மட்டும் நிண்டிடாதேங்கோ. சனம் நிப்பாட்டிப் போட்டுப் போயிடும்."

வேலைக்குப் போய் வந்து, சமைத்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்து அவள் எழுதித் திருத்திய நாடகம் அது. அதை நான் கெடுத்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

சிவப்பு விளக்கு எரிந்தது. தாயாக நடித்த அன்ரி கரண்டியால் கோப்பையில் தட்டினார். மருமகளாக நடித்த என் மனைவி தன் கறியின் பெருமையைச் சொன்னாள். அன்ரி விடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தம்பி, எங்கட ரெண்டு பேரிலையும் ஆர் வைச்ச கறி நல்லம்?"

எனக்கு வாய் வரவில்லை. அங்கிள் கதவடியில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். மனைவி என்னையே பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலியைக் கவனிக்கும் தமிழ்நாட்டு இளைஞரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கிறார்! அப்போதுதான் அந்த அமெரிக்கரின் நினைவு வந்தது. அதுவரை பயத்தில் பேசாமல் நின்றவன், இன்னும் ஒரு மூச்சு அளவுக்கு வேண்டுமென்றே பேசாமல் நின்றேன்.

அன்ரிக்குப் பிடிபட்டுவிட்டது. "என்ன தம்பி, வாயில நண்டுக்கோது சிக்கிட்டுதோ?"

வரியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தொண்டை உண்மையிலேயே வறண்டு போயிருந்தது.

"கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?"

அன்ரி சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை விட்டு விலகிப்போனார். மனைவி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களோ மாமி, உங்கட கறிதான் உறைப்பு!" என்று தானாக ஒரு வரி போட்டு நாடகத்தை முடித்தாள். அங்கிள் அவசரமாகப் பாட்டுப் போடச் சொன்னார். அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த மகன் யார் என்று நேயர்கள் கேட்டார்களாம்.

இளைஞர் வெளியே ஓடி வந்தார். "அண்ணே, சூப்பர்ணே! இவ்ளோ நாளா எங்கண்ணே இருந்தீங்க?"

"காருக்குள்ள" என்றேன்.

இப்போது நான் அந்த நாடகக் குழுவில் ஓர் ஆள். மனைவி எனக்கு அதிகம் வசனம் எழுதுவதில்லை. நேற்றுக் குசினியில் ஒத்திகை பார்த்தோம். அவள் கேள்வியைக் கேட்டாள். நான் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அகப்பையை என் பக்கம் நீட்டிச் சொன்னாள்:

"கூடிப் போச்சப்பா. கொஞ்சம் குறைச்சுப் பேசாம நில்லுங்கோ."