அஞ்செட்டி மலையில் நான் அழித்த பாதைகள்

அஞ்செட்டி மலைப்பாதைகளை அழித்தவன் நான்தான். ஒரு மனிதர் நான்கு வருடம் அலைந்து வரைந்ததை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அழித்தேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. கூலி கிடையாது. எங்கள் பக்கத்தில் அதற்காக மெனக்கெட்டவர்கள் ஏழெட்டுப் பேர். நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். ரஹீம் பாய் புளி வியாபாரி. மொபெட்டில் மலையூர்களுக்குப் போவார். வண்டி ஏறாத இடத்துக்கு நடப்பார். போன வழியையெல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொண்டு வருவார். ஒரே ஊருக்குத் தமிழில் ஒரு பெயர், கன்னடத்தில் ஒரு பெயர் என்றால் இரண்டையும் எழுதுவார். மழை பெய்தால் எந்த ஓடையைத் தாண்ட முடியாது என்றுகூட எழுதுவார்!

எனக்கோ அவசரம். மாவட்டத்துச் சாலைகளும் ஊர்களும் அடங்கிய, யாரோ தொகுத்த கோப்பு ஒன்று கிடைத்தது. மொத்தமாக ஏற்றினால் ஒரே நாளில் படம் நிறைந்துவிடுமே! ஏற்றுவதற்கு முன் குழுவில் கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கேட்கவில்லை. அதற்கெனத் தனிக் கணக்கு தொடங்குவதும் வழக்கம். அதை மட்டும் செய்தேன்... யாருடையது என்று எவருக்கும் சொல்லாமல்.

ஏற்றியதும் அஞ்செட்டி மலையில் பாய் வரைந்த பழைய கோடுகளும் புதிய கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது சரி என்று பார்க்கப் பொறுமையில்லை. பழையவற்றை நீக்கினேன். வேலையில் ஒரு திருகாணியைக்கூட அளக்காமல் விடாதவன் நான்!

மறுவாரம் பாய் போன் செய்தார். "தம்பி, நம்ம மலையவே காணோம்ங்க. எவனோ வந்து ஓடைக்குள்ளாற ரோடு போட்டு வச்சிருக்கான். யாருன்னு தெரியுங்களா?"

"தெரியலீங்க பாய். யாரோ வெளியூர்க்காரன்."

எப்படி வந்தது அந்தப் பொய்? நாக்கு கொஞ்சமும் கூசவில்லையே!

அன்றே பழையபடி மாற்றியிருக்கலாம். மாற்றினால் விளக்கம் கேட்பார்கள் என்று பயந்தேன். நாளாக ஆக, என் கோடுகளின் மேலேயே மற்றவர்கள் திருத்தம் செய்துவிட்டார்கள். இனிப் பிரித்தெடுப்பது கடினம். பாய் வரைவதை நிறுத்திவிட்டார். பிறகு இன்னும் இருவர்... எல்லாம் நிறைந்த படத்தில் நமக்கென்ன வேலை என்று நினைத்தார்களோ?

போன மாதம் அஞ்செட்டி பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"ஊரு, வழி எல்லாம் இதுல எழுதியிருக்கேங்க தம்பி. மறுபடியும் முதல்ல இருந்து போட எனக்கு மனசு வரல. நீங்க போட்டுருங்க. அந்த வெளியூர்க்காரன் திரும்ப வந்தா பாத்துக்குவீங்கள்ல?"

"பாத்துக்கறேங்க பாய்" என்றேன். சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்குமா? நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நேற்று நோட்டின் முதல் பக்கத்தைப் படத்தில் ஏற்றினேன், என் சொந்தப் பெயரில். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள்.

முதலில் பாராட்டியவர் ரஹீம் பாய்.