நான் போட்ட இரண்டாவது கையெழுத்து

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை செய்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் என் மனைவியை எங்கும் அழைத்துப் போனதில்லை. அவள் கேட்டது ஒன்றுதான், முதுமலைக் காட்டில் யானை பார்க்க வேண்டும்.

அங்கே தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கூட வேலை செய்த கன்னியப்பன் எழுதிக் கொடுத்தான். பதில் வர தன் வீட்டு விலாசத்தைப் போட்டான். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு காகிதம் நீட்டினான். "பதிலே காணோம் நைனா. ஞாபகப்படுத்தி எழுதிக்கினு வந்துகீறேன், போடு." போட்டேன்.

அதற்கும் பதில் இல்லை என்றான். லீவு வீணாகக் கூடாதென்று நாங்களே நேரில் கேட்கக் கிளம்பினோம்.

முதுமலை விடுதி வராந்தாவில் கன்னியப்பன் தன் மாமனாரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். குமாஸ்தா ஃபைலைப் பிரித்தார்.

"உங்களுக்குத்தான் ரூம் ஒதுக்கினோம். வர முடியல, இவருக்குக் கொடுங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

கன்னியப்பன் எழுந்து வந்தான். "மாமனாருக்கு வாக்கு குடுத்துட்டேன்பா. நீ அடுத்த வருஷம் வந்துக்கலாம்னுதான்..."

என் மனைவி அவனைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தாள்.

"கையெழுத்து உங்களுதா?"

"என்னுதுதான்."

அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

அவன் திருடன். அப்புறம் அவனோடு நான் பேசவே இல்லை. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று வேறு யாரையும் படிக்கச் சொல்லிக்கூடக் கேட்காமல், அவள் ஆசையை அவன் கையில் கொடுத்தவன் நான். பிறகு எத்தனையோ முறை அவளை முதுமலைக்குக் கூப்பிட்டேன். "யானை எதுக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.