வரியில்லாத கல்

கண்டிப் பக்கத்தில் கெட்டியாக இருக்கும் எந்தக் கல்லும் கருங்கல்தான். வாசற்படியும் கருங்கல், பாலத்துத் தூணும் கருங்கல். பாறைகளைப் படித்து அதிலேயே வேலையும் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் மலைகளில் இருப்பது பெரும்பாலும் உருமாறிய பாறை. ஆழத்தில் வெந்து நசுங்கி மடிந்ததெல்லாம் அதன் உடம்பில் வரிவரியாகத் தெரியும். நான் சொல்லப்போகும் கிரனைட் வேறு சாதி. உருகிய குழம்பாகக் கீழிருந்து ஏறி, பழைய பாறையின் வெடிப்புக்குள் புகுந்து, அங்கேயே ஆறி இறுகியது. அதில் வரி இல்லை. தாது மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, எல்லாத் திசையும் பார்த்தபடி இருக்கும்.

மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ரோட்டை அகலமாக்க வெட்டியபோது அப்படியொரு மெல்லிய பட்டை வெளியே தெரிந்தது. நல்ல ரோஜா நிறம். உடைந்து கிடந்த துண்டொன்றை பஸ்ஸில் காலடியில் வைத்து கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோடிக்கணக்கான வருஷம் பழசு என்று உம்மாவிடம் பெருமையடித்தேன். “அவ்வளவு வயசாளி சும்மா இருந்தா எப்பிடி?” என்றவர், குசினிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை முட்டுக் கொடுத்துவிட்டார்.

உம்மா மௌத்தானபோது, கப்றுக் குழியின் தலைமாட்டில் நடும் மீசான் கல்லாக அதையே எனக்கு மூத்தவரான நானாவிடம் தூக்கிக் கொடுத்தேன். குசினிக் கதவு அன்று முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எழும்பிப் போய்ச் சாத்தவில்லை.

பள்ளிவாசலை ஒட்டிய எங்கள் மையவாடியில் கல்லில் பெயர் எழுதும் வழக்கமில்லை. வாப்பாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேரே அங்கிருந்த பலா மரத்தடிக்குப் போய் உம்மாவுக்கு ஸலாம் சொல்லுவார். பிறகு முழங்காலில் ஒப்பரேஷன் செய்து மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்தார். திரும்பப் போனபோது மரத்தைத் தறித்து வேரையும் எடுத்திருந்தார்கள். புதுக் கப்றுகள் வந்திருந்தன. பாசி படிந்து எல்லாக் கல்லும் ஒரே பச்சை. கல்லை நட்ட நானா கட்டார் நாட்டில். போனில் கேட்டால், “மரத்துக்குக் கிட்ட” என்கிறார். எந்த மரத்துக்கு?

“ஒங்கட உம்மாவத் தொலச்சிட்டேன் மகள்” என்று வாப்பா அழுதார். ஜனாஸா அன்றுகூட எங்கள் முன்னால் அழாத மனிதர்.

மறுநாள் காலை அவரோடு மையவாடிக்குப் போனேன். பெண்கள் உள்ளே போவதில்லை. இதில் எனக்கும் அவருக்கும் பழைய சண்டை உண்டு. அன்று சண்டை பிடிக்க மனம் வரவில்லை. கேட்டடியில் நின்று, தண்ணீர்ப் போத்தலையும் தென்னந்தும்புப் பிரஷையும் கையில் கொடுத்தேன்.

“தேச்சி, தண்ணி ஊத்திப் பாருங்க வாப்பா. சீனி மாதிரி வெள்ளயா இருந்தா அது இல்ல. கரும்பச்சையா எண்ண பூசின மாதிரி மின்னினாலும் இல்ல. வரி இருந்தா இல்லவே இல்ல.”

“இதுல மட்டும் ஏன் வரி இல்ல?”

“உருகி வந்து மெதுவா ஆறின கல்லு. அதான் மணியும் பெரிசு.”

“உம்மாவும் அப்பிடித்தான். கோவம் வந்தா ஆற நாளெடுக்கும்” என்று சொல்லிக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றி உள்ளே போனார்.

முதலில் வந்து, வெள்ளைக் கல் ஒன்றைச் சொன்னார். இல்லை என்றேன். பிறகு கறுப்புக் கல். அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் காலோடு சரிவில் ஏறி இறங்கினார். அடுத்த தடவை முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

“கெடச்சிட்டு மகள். ரோஸ் நெறம்தான்.”

“வரி?”

“லேசா ஈக்கிது. மடிஞ்ச துணி மாதிரி.”

அது உம்மாவின் கல் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன, அவர் உட்காரட்டுமே என்று நினைத்தேன். வேறு யாருடைய உம்மாவிடமோ போய்ப் பேசிக்கொண்டிருப்பாரே என்றும் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காலியான போத்தலை நீட்டினார். பள்ளிவாசல் குழாயில் நிரப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் கேட்டடிக்கு வரவில்லை. மதிலோரம் ஒரு கல்லுக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும், குனிந்து பார்ப்பதும் தெரிந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு துஆவுக்குக் கையேந்தினார். சரிதானா என்று என்னிடம் கேட்க வரவே இல்லை. நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தவர் நிதானமாகச் சொன்னார்: “பக்கத்துல எடமும் ஈக்கிது. நீ மடுல்கெல்லப் பக்கம் போனா எனக்கும் அதே கல்லு ஒண்டு எடுத்துட்டு வா.”

“பேச்சப் பாருங்க” என்று வாப்பாவை வீடு வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு வேலைக்காக எத்தனையோ முறை அந்த ரோட்டால் போயிருக்கிறேன். வாப்பாவின் கப்றுக்கு ஏற்ற துண்டுகள் அங்கே தாராளமாகக் கிடக்கின்றன. ஒன்றையும் தொடுவதில்லை. வாப்பா கேட்கும்போதெல்லாம், “நல்லதா ஒண்டும் கெடக்கல்ல வாப்பா” என்கிறேன். “அவசரமில்ல மகள்” என்கிறார்.